வெள்ளை மணலும் கறுப்புப் பனையும்: யாழ்ப்பாணத்தில் முதல் டிஎஸ்எல்ஆர் வாங்குபவருக்கு

என்னுடைய கமராவில் நான் ஆசைப்பட்டு எடுத்த முதல் படம் அம்மம்மாவினுடையது. பருத்தித்துறைப் பக்கத்து வீடு. வெள்ளைச் சீலை, சுண்ணாம்பு அடித்த சுவர், முன்னால் வெள்ளை மணல் முற்றம், பகல் பதினொரு மணி வெயில். டயலை ஓட்டோவில் வைத்து அழுத்தினேன். சீலை அழுக்குத் தலையணை உறை போலவும் முகம் அடுப்புக்கரி போலவும் வந்தது. அம்மம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "உதுக்கே உவ்வளவு காசைக் குடுத்தனி? போனில இதைவிட வடிவா வருமே" என்றார்.

உண்மைதான். போனை ஒரு தடவை தொட்டால் அது பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, முகத்தைத் தெளியவைத்து, வானத்தை நீலமாக்கித் தருகிறது. ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய கமரா, அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யாது. நீங்கள் சொன்னதைச் செய்யும். ஒன்றும் சொல்லாவிட்டால் தன்பாட்டில் ஒரு கணக்குப் போடும். அதனால் முதல் ஒரு மாதம் போன்தான் வெல்லும். அந்த ஒரு மாதத்தோடு அலுமாரிக்குள் போன கமராக்கள் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே நான்கு இருக்கின்றன. உங்களுடையது அப்படிப் போகக்கூடாது என்பதற்காக, நான் பிழைவிட்டுப் பழகிய ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

வாங்க முதல்

புதிதா, பாவித்ததா? என் வாக்கு பாவித்ததற்குத்தான். கனன், நிக்கோன் இரண்டுமே இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களின் பக்கம் போய்விட்டன. 2018இல் வந்த கனன் 1500டி, அதே ஆண்டு வந்த நிக்கோன் டி3500 போன்றவை நல்ல நிலையிலேயே கைமாறுகின்றன. இரண்டும் 24 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினாலும் தாங்கும். "எத்தனை மெகாபிக்சல்?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு வழியும் உண்டு: நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தம். கனடாவில் இருக்கும் சித்தப்பா "ரெபெல் ரீ7 ஒண்டு சும்மா கிடக்குது, கொண்டுவரட்டோ?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ரெபெல் ரீ7, ஐரோப்பாவில் 2000டி, எங்கள் பக்கத்தில் 1500டி. மூன்றும் ஒரே கமராதான். ரெபெல் ரீ6 என்றால் 1300டி. இவற்றின் சார்ஜர் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும், எங்கள் 230 வோல்ற்றுக்குப் பயமில்லை. செருகி பொருந்த ஓர் அடப்டர் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெனுவுக்குள் போய் வீடியோ முறையை அமெரிக்கப் பக்கத்து என்ரிஎஸ்சியிலிருந்து எங்கள் பக்கத்துப் பிஏஎல்லுக்கு மாற்றிவிடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மாற்றாமல் ரியூப்லைற் வெளிச்சத்தில் வீடியோ எடுத்தால் பட்டி பட்டியாக ஓடும்.

பாவித்ததைக் கையில் வாங்கியதும் லென்ஸைக் கழற்றுங்கள். போன் ரோர்ச்சை ஒரு பக்கத்தால் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்திவலை போல, மெல்லிய வேர் போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். விற்பவர் என்ன கதை சொன்னாலும் வேண்டாம். நாலைந்து தூசித் துகள் கிடந்தால் பரவாயில்லை. அப்புறம் லென்ஸைப் பூட்டி, அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துவாரத்தை) எஃப் 22இல் வைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். மங்கலான வட்டப் புள்ளிகள் தெரிந்தால், படத்தைப் பதியும் தகடான சென்சரில் தூசி. அதைத் துப்புரவாக்கலாம், ஆனாலும் விலை பேச அது நல்ல பிடி.

இன்னொன்று, கூட வரும் 18-55 மில்லிமீற்றர் லென்ஸின் பெயரை முழுதாக வாசியுங்கள். கனனில் ஐஎஸ், நிக்கோனில் விஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அது கைநடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸ். அந்த எழுத்துகள் இல்லாத மலிவுப் பதிப்பும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் உண்டு. நான் அதை வாங்கிவிட்டு ஆறு மாதம் என் கையைத்தான் நொந்துகொண்டேன். நிக்கோன் டி3500 வாங்குபவர் இதையும் பார்க்க வேண்டும்: அதன் உடலுக்குள் போகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப் லென்ஸை வாங்கினால் கையால்தான் திருக வேண்டிவரும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும்.

முக்காலி, வடிகட்டி, பை, பெரிய லென்ஸ் எதையும் இப்போது வாங்காதீர்கள். ஒரு 32 ஜிபி மெமரி காட், ஊதுவதற்கு ஒரு ரப்பர் புளோவர். இவ்வளவும் போதும்.

முதல் நாள்

பற்றரியை நிறையச் சார்ஜ் போடுங்கள். 1500டியில் ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 500 படங்கள் எடுக்கலாம், டி3500இல் 1500க்கு மேல். பின்திரையைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் கணக்குப் படுத்துவிடும். வியூபைண்டரில் கண்ணை வைத்து எடுக்கப் பழகுங்கள்.

அந்த வியூபைண்டரின் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு இருக்கும். யாரும் அதைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. உங்கள் கண்ணின் பார்வைக்கு ஏற்றபடி வியூபைண்டரைச் சரிசெய்வது அதுதான். உள்ளே கீழே தெரியும் எண்கள் கூர்மையாகும் வரைக்கும் சுற்றுங்கள். என் சிநேகிதன் ஒருவன் கமரா பழுது என்று இரண்டு கிழமை திரிந்தான். கடைசியில் பார்த்தால் அந்தச் சில்லு ஒரு அந்தத்துக்குத் திரும்பிக் கிடந்தது.

மெமரி காட்டைக் கணினியில் அல்லாமல் கமராவுக்குள்ளேயே போர்மட் பண்ணுங்கள். ரோ கோப்பா (சென்சர் பிடித்ததை அப்படியே வைப்பது) ஜேபெக்கா (கமராவே பதப்படுத்தித் தருவது) என்ற வாதத்துக்குள் இப்போது இறங்காதீர்கள். ரோ கோப்பு ஒன்று 25 எம்பி அளவில் வரும், அதைத் திறந்து வேலைசெய்யத் தனி மென்பொருளும் பொறுமையும் வேண்டும். முதல் மூன்று மாதம் ஜேபெக். பிழைவிட்டால் படம் பிழையாகத் தெரிய வேண்டும். ரோவில் பிறகு திருத்தலாம் என்ற துணிவு வந்துவிட்டால் பழகமாட்டோம்.

இடது உள்ளங்கை லென்ஸுக்குக் கீழே, இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி. சட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் போகஸ் பிடிக்கும், முழுக்க அழுத்தினால் படம். 1500டியில் ஒன்பது போகஸ் புள்ளிகள் உண்டு. கமராவைத் தெரிவுசெய்ய விட்டால் அம்மம்மாவை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் செவ்வரத்தைக் கொப்பைப் பிடிக்கும். மெனுவில் நடுப்புள்ளியை மட்டும் தெரிவுசெய்யுங்கள். அதைக் கண்ணின் மேல் வைத்துப் பாதி அழுத்தி, விடாமல் பிடித்தபடி கமராவைத் திருப்பி, படத்தை அமைத்துவிட்டு முழுக்க அழுத்துங்கள். ஒரு கிழமையில் கை தானாகச் செய்யும்.

கமராவுக்குத் தெரிந்த ஒரே நிறம்

இனி அம்மம்மாவின் படத்துக்கு வருகிறேன். அதைக் கொண்டுபோய், ஊரில் பல வருடம் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணை ஒருவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உந்தக் கமரா உலகம் முழுக்கச் சாம்பல் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது. கொம்மம்மா வெள்ளைச் சீலை கட்டியிருக்கிறா எண்டு நீயெல்லோ அதுக்குச் சொல்லோணும்" என்றார்.

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. வெளிச்சத்தை அளக்க ஒவ்வொரு கமராவுக்குள்ளும் ஒரு மீற்றர் உண்டு. காட்சியில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கலக்கினால் நடுத்தரச் சாம்பல் வரும் என்ற எண்ணத்தில்தான் அது கணக்குப் போடுகிறது. மரம், தார் வீதி, வேலி, நாலு மனிதர் என்று எல்லாம் கலந்த காட்சிக்கு அந்தக் கணக்குச் சரி. யாழ்ப்பாணக் கோட்டையில் எடுத்துப் பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாக மாற்றிக் கட்டிய அந்தச் சுவர் முழுக்க மழையிலும் வெயிலிலும் சாம்பல் பிடித்த முருகைக்கல். மீற்றருக்கு அதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. ஓட்டோவில் வைத்தாலே படம் அச்சொட்டாக வரும்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் பொது நூலகம். பளீரென்ற வெள்ளை. அதை வியூபைண்டர் நிறையப் பிடித்து அழுத்தினால், "வெளிச்சம் மிஞ்சிப்போச்சு" என்று கமரா நினைத்து இருட்டாக்கிவிடும். நூலகம் சாம்பலாக வரும். அம்மம்மாவுக்கு நடந்ததும் இதுதான்: சீலை, சுவர், மணல் மூன்றும் வெள்ளை; மூன்றையும் சாம்பலாக்கும்போது முகமும் சேர்ந்து கறுத்துவிட்டது. கறுப்பு நிறைந்த காட்சியில் இதற்கு எதிர்மாறு நடக்கும். பனையடியைக் கிட்ட நின்று எடுத்தால் கறுத்த செதில் வெளிறி, பனை நரைத்துப்போகும்.

இது வெள்ளை, இது கறுப்பு என்று கமராவுக்குச் சொல்வதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. முதலில் மேலே உள்ள டயலை ஏவி என்ற இடத்துக்குத் திருப்புங்கள்: அப்பர்ச்சரை நீங்கள் வைக்க, மற்றதைக் கமரா பார்த்துக்கொள்ளும் முறை அது. நிக்கோனில் அது வெறும் ஏ. 1500டியில் பின்திரைக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான், டி3500இல் அது சட்டருக்குக் கிட்ட. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வியூபைண்டர் ஓரத்துச் சில்லை அல்ல, விரலுக்கு எட்டும் பெரிய சில்லைச் சுற்றினால் அளவுகோலில் முள் நகரும். வலப்பக்கம் ஒன்று என்றால் வெளிச்சம் இரட்டிப்பு, இடப்பக்கம் ஒன்று என்றால் பாதி.

நான் பாவிக்கும் அளவுகளைச் சொல்கிறேன், உங்கள் கண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலில் நூலகம், வெள்ளை வேட்டி சீலைக் கூட்டம்: கூட்டல் ஒன்றுக்குக் கிட்ட. மணற்காட்டு மணல்மேடு: கூட்டல் ஒன்று, சிலவேளை அதற்குக் கொஞ்சம் மேல். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் எடுக்கும்போது படத்தில் பெரும்பங்கு வானம். கூட்டல் ஒன்று போடாவிட்டால் அத்தனை நிறக் கடதாசியும் கறுப்பு நிழலாகிவிடும். அங்கே சட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/1000 செக்கன் அளவில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வால் ஆடிக்கொண்டே இருக்கும். பனையடி, கறுத்த மாடு, மழையில் நனைந்த செம்மண் வரம்பு: கழித்தல் அரைக்குக் கிட்ட. இரவுத் திருவிழாவில் சுற்றிவர இருட்டு, நடுவில் விளக்கு வெளிச்சத்தில் சுவாமி: கழித்தல் ஒன்று, இல்லாவிட்டால் அலங்காரம் எல்லாம் வெள்ளைத் திட்டாகக் கரையும்.

எடுத்தபின் படத்தைப் பார்க்கும்போது 1500டியில் டிஐஎஸ்பி (DISP) பொத்தானை அழுத்தினால் மலைமுகடு போன்ற ஒரு வரைபடம் வரும். அது வலது சுவரில் முட்டி நின்றால் வெள்ளை கரைந்துபோயிற்று என்று பொருள். வெயிலில் திரையை நம்பாதீர்கள், அந்த வரைபடத்தை நம்புங்கள். வேலை முடிந்ததும் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் மறந்துபோய் ஒரு முழுப் பிறந்தநாளையும் வெளிற எடுத்திருக்கிறேன்.

இந்தப் பொத்தான் கைக்குள் வந்த பிறகுதான் அப்பர்ச்சர், சட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சர் காட்டும் உணர்திறன்) என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஏவியில் சில்லைச் சும்மா சுற்றினால் அப்பர்ச்சர் மாறும். எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது, பின்னணி மங்கும். எண் பெரிதானால் முன்னும் பின்னும் கூர்மை. ஆளுக்கு எஃப் 5.6, காட்சிக்கு எஃப் 8. எஃப் 16க்கு மேல் போனால் கூர்மை குறையத் தொடங்கும், சென்சர் தூசியும் தெரியும். சட்டர் எண்ணைக் கமராவே தெரிவுசெய்யும். அது 1/100க்குக் கீழே போகிறதா என்று மட்டும் ஒரு கண் வைத்திருங்கள். போனால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். எல்லாவற்றையும் கையாலேயே வைக்கும் எம் முறை தெரியாதவன் படப்பிடிப்பாளன் அல்ல என்று சொல்பவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நான் இன்றும் பத்துப் படத்தில் ஒன்பதை ஏவியில்தான் எடுக்கிறேன்.

உச்சி வெயில்

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வரும்: சித்திரைப் புதுவருடத்தை ஒட்டியும், ஆவணியில், ஓகஸ்ட் கடைசியிலும். ஊரெல்லாம் புது உடுப்போடு நிற்கும் நாட்களும், நல்லூரில் சனம் நிறையும் நாட்களும் இவைதான். படம் எடுக்க ஆசைப்படும் நாளில் மத்தியான வெயில் தலைக்கு நேரே நின்று கண்குழிக்குள் கறுப்பை ஊற்றும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நேரத்தை மாற்றுவது. காலை எட்டரைக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். நல்லூர்த் தேர் காலையிலேயே இழுக்கப்படுவது எங்கள் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, இடத்தை மாற்றுவது. எங்கள் வீடுகளின் விறாந்தைக்கு நிகரான ஸ்டூடியோ கிடையாது. ஆளை விறாந்தை விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி இருக்கவிடுங்கள். கூரை மேல்வெயிலை மறைக்கும்; முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கீழிருந்து முகத்துக்கு ஏறும். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். வடமராட்சி வெள்ளை மணலில் இது மிக வடிவாக வரும். வலிகாமத்துச் செம்மண் முற்றம் என்றால் ஒரு சிக்கல்: தெறிக்கும் வெளிச்சமும் சிவக்கும், நாடிக்குக் கீழே காவி பூசியதுபோல இருக்கும். நான் கோண்டாவிலில் ஒரு பின்னேரம் முழுக்க வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றி மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. முகத்தின் மேற்பாதிக்குச் சரியானது கீழ்ப்பாதிக்குப் பிழையாகியது. கடைசியில் அவர்கள் வீட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை முற்றத்தில் விரித்தோம். பிரச்சினை தீர்ந்தது, விரிப்புக்காக மாமி ஏசினார்.

மூன்றாவது, பிளாஷ். கமராவில் தலைதூக்கும் அந்தச் சின்னப் பிளாஷ் இரவில் முகத்தை வெண்சுண்ணம் பூசியதாக்கும். ஆனால் நண்பகலில் கிட்ட நிற்கும் ஆளின் கண்குழி நிழலைக் குறைக்க அதுவே போதும். பிளாஷோடு சட்டர் 1/200க்கு மேல் போகாது என்பதால் ஐஎஸ்ஓவை 100இல் வைத்து, எஃப் 11 அளவுக்கு அப்பர்ச்சரை மூடுங்கள்.

பின்னேர வெளிச்சத்துக்குப் பண்ணைப் பாலம். கடலேரியில் தண்ணீர் ஆழமில்லை, வீச்சுவலைக்காரர் இடுப்பளவு நீரில் நிற்பார்கள், சூரியன் தீவுகளின் பக்கம் இறங்கும். வெள்ளைச் சமநிலையை ஓட்டோவில் விடாதீர்கள். அந்தப் பொன் நிறத்தைப் "பிழை" என்று எடுத்துத் துடைத்துவிடும். சூரியன் படம் போட்ட பகல் வெளிச்ச நிலையில் வையுங்கள். சூரியன் மறைந்ததும் கமராவை மூடிக்கொண்டு ரீ குடிக்கப் போகிறவர்கள் அதற்குப் பிந்திய கால் மணி நேரத்தை இழக்கிறார்கள்.

மண்டபத்துக்குள்

மச்சாளின் மகளுடைய சாமத்தியவீடு. "கமரா வைச்சிருக்கிறாய்தானே, நீயும் எடு" என்றார்கள். முந்நூறு படம் எடுத்தேன், இருபது தேறியது. மற்றதெல்லாம் ஆலாத்தித் தட்டுக்குப் பதில் ஒளிக்கோடு. 18-55 லென்ஸ் 55க்கு இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. மண்டப வெளிச்சத்துக்கு அது காணாது, சட்டர் 1/20 வரை இறங்கிவிட்டது. ஐஎஸ் இருந்தாலும் கைநடுக்கத்தைத்தான் நிறுத்தலாம், ஆட்களின் அசைவை நிறுத்த முடியாது.

ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200க்கு ஏற்றத் தயங்காதீர்கள். மணல் தூவியதுபோல் கொஞ்சம் குறுணி தெரியும். குறுணி உள்ள படத்தை ஆல்பத்தில் வைக்கலாம், ஆடிய படத்தை வைக்க முடியாது. லென்ஸை 18 பக்கம் வைத்துக்கொண்டு கிட்டப் போங்கள். அங்கே எஃப் 3.5 வரை திறக்கும். ரியூப்லைற் மண்டபத்தில் சட்டரை 1/100இல் வைத்தால் படத்துக்குப் படம் நிறம் மாறுவது குறையும்.

ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால், இரண்டாவது லென்ஸாக 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வாங்குங்கள். எஃப் 5.6இன் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் ஒன்றரை மீற்றரில் நின்று எஃப் 1.8இல் எடுத்தால் கூர்மையாக நிற்கும் ஆழம் ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர்தான். கண்ணைப் பிடித்தால் காது மங்கும். எஃப் 2.8 பாதுகாப்பு.

விழாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வந்த ஸ்டூடியோக்காரருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். அவர் லைற் போட்ட இடத்துக்குப் பக்கவாட்டில் நின்றால் அவருடைய வெளிச்சமும் உங்களுக்கு இலவசம்.

புழுதி, உப்பு, ஈரம்

வைகாசியிலிருந்து சோளகம் அடிக்கும், செம்மண் புழுதி பறக்கும். ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை வீட்டுக்குள் ஈரம். கடற்கரை எப்போதும் கிட்ட. மூன்றும் கமராவுக்கு எதிரி.

கசூரினாக் கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் கமராவை நிறுத்தி, காற்றுக்கு முதுகைக் காட்டி, வாய் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு மாற்றுங்கள். 1500டியில் சென்சர் தன்னைத்தானே உதறிக்கொள்ளும் வசதி இல்லை. விழுந்த தூசி கிடக்கும். வாயால் ஊதினால் எச்சில் போய் ஒட்டும். ரப்பர் புளோவரால் ஊதுங்கள், போகாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடற்கரையிலிருந்து வந்ததும் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து கமராவின் உடலைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒருதரம். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உப்போடும் மணலோடும் தேய்த்தால் கீறும். சறத்தின் தலைப்பால் துடைப்பவர்களைக் கண்டிருக்கிறேன், சொல்வதற்கு வாய் வரவில்லை.

மழைக்காலத்தில் தோல் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டினால் பூஞ்சணம் விருந்துக்கு வரும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும், சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். கிழமைக்கு ஒருமுறை எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள்.

கொழும்பிலிருந்து ஏசி பஸ்ஸில் விடிய வந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து பனிமூட்டமாகும். பை மூடியபடி அரை மணி நேரம் கிடக்கட்டும்.

எங்கே, யாரை

நல்லூர்க் கோயிலுக்குள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. வெளிவீதியில் எடுங்கள், அர்ச்சனை செய்பவரின் முகத்துக்கு நேரே நீட்டாமல். டிஎஸ்எல்ஆரில் படம் எடுக்கும்போது உள்ளே கண்ணாடி மேலெழும்பி விழும் சத்தம் ஒன்று வரும். அமைதியான இடத்தில் அது எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்கும். இராணுவ, கடற்படை முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நிற்கும்போதும் சுற்றிவரப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பறவைக்காக ஏங்கிப் பெரிய லென்ஸ் வாங்க நினைப்பவர் கொஞ்சம் பொறுங்கள். கடலேரியில் பூநாரைக் கூட்டம் இறங்கும் காலத்தில் எனக்கும் கை துறுதுறுக்கும். 55 மில்லிமீற்றரில் அவை வெள்ளைக் கடுகுபோலத்தான் விழும். அதையே கூட்டமாக, தண்ணீரும் வானமும் சேர்த்து எடுக்கப் பழகினேன்; 55-250 லென்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

சந்தையில் படம் எடுக்க முதல் ஏதாவது வாங்குங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஓர் ஆச்சியிடம் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, "ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டேன். "எடு மோனை, ஆனால் காட்டாமல் போகக்கூடாது" என்றார். நீலச் சீலை, கறுப்புக் குடை, பின்னால் நிழல். கழித்தல் அரை வைத்து எடுத்தேன். அடுத்த கிழமை நாலுக்கு ஆறு அளவில் அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தராசுத் தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் யாரும் என்னிடம் "ஏன் எடுக்கிறாய்?" என்று கேட்கவில்லை. "எங்கட எப்ப தருவாய்?" என்றுதான் கேட்கிறார்கள்.